சிற்றூர்ப் பாடசாலையை அளப்பது எப்படி?



கந்தளாய் என்றவுடன் உங்களுட் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் குளமாகவே இருக்கும். குளக்கோட்டன் கட்டுவித்த குளம் என்று எங்கள் பக்கத்து ஐதிகம் கூறும். இரண்டாம் அக்கிரபோதி மன்னன் கட்டியது என்று பாளி வரலாற்று நூல் கூறும். அந்த வழக்கிற்குத் தீர்ப்புச் சொல்ல நான் இங்கு வரவில்லை. அக்குளத்து நீரால் விளையும் வயல்களுக்கு நடுவே ஓட்டுக் கூரையும் அரைச்சுவருமாக நிற்கும் சிறு பாடசாலைகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அவற்றுள் எது நல்லது, எது குறைந்தது என்று நாம் எதனைக் கொண்டு தீர்மானிக்கிறோம்? அந்தத் தீர்மானம் எவ்வளவு தூரம் நியாயமானது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாட் காலை, கமக்காரர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகள் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவள். எங்கள் பாடசாலையில் அவ்வாண்டு அப்படித் தாண்டியவள் அவள் ஒருத்தியே. "சேர், பிள்ளையின் விடுகைப் பத்திரத்தைத் தந்தால் நல்லது" என்றார். காரணம் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு தாளை எடுத்து என் மேசைமீது வைத்தார். அதில் பென்சிலால் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருந்தன: 78, 42. முன்னது பட்டணத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றியோருள் உயர்தரம் கற்கத் தகுதி பெற்றோரின் வீதம்; பின்னது எங்களுடையது. "என் மகளை இங்கே வைத்திருப்பது அவளுக்கு நான் செய்யும் துரோகம் அல்லவா, சேர்?" என்று கேட்டார். கேட்ட குரலிற் கோபம் இல்லை, வெட்கமே இருந்தது. ஆகையால் அக்கேள்வி என்னைக் கூடுதலாகவே தைத்தது.

அந்த 42 என்ற எண்ணை நேயர்கள் என்னோடு சேர்ந்து சற்றே பிரித்துப் பாருங்கள். எங்கள் பாடசாலையில் அவ்வாண்டு பரீட்சைக்குத் தோற்றியவர்கள் பன்னிருவர். தகுதி பெற்றவர்கள் ஐவர். பன்னிரண்டில் ஐந்தை நூற்றுக்குக் கணக்கிட்டால் 42 வருகிறது. தகுதி பெறாத எழுவருள் இருவர் கணிதத்தில் மாத்திரம் தவறியவர்கள். அவர்கள் இருவரும் தேறியிருந்தால் எங்கள் வீதம் 58. ஒரே பாடசாலை, அதே ஆசிரியர்கள், அதே கரும்பலகை. இரண்டு பிள்ளைகளின் ஒருநாட் காலைப்பொழுது பதினாறு வீதத்தை ஏற்றவோ இறக்கவோ வல்லதாயிற்று. பட்டணத்துப் பாடசாலையிலோ முந்நூறு பேர் தோற்றுகின்றனர். அங்கே இரண்டு பிள்ளைகள் தவறினால் ஒரு வீதங்கூடக் குறைவதில்லை. முந்நூறு பேரின் வீதத்தையும் பன்னிருவரின் வீதத்தையும் பக்கத்திற் பக்கம் எழுதி ஒப்பிடுவது, கடலின் அலையையும் கிண்ணத்து நீரின் அசைவையும் ஒரே கோலால் அளப்பதை ஒக்கும்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பத்து நாணயங்களைக் குலுக்கிப் போடுங்கள். ஏழு அல்லது அதற்கு மேற்பட்டவை தலையாக விழுவது ஏறக்குறைய ஆறு தடவைக்கு ஒரு தடவை நிகழும். நூறு நாணயங்களைப் போட்டு எழுபது அல்லது அதற்கு மேல் தலை விழவேண்டும் என்றால் இருபத்தையாயிரம் தடவை போட்டும் ஒரு தடவை கிடைப்பதே அரிது. இரண்டும் "எழுபது வீதம்" என்றே எழுதப்படும். ஆயினும் முதலாவது அன்றாட விளையாட்டு. இரண்டாவது ஏதோ காரணம் இருந்தாலன்றி நிகழாத அதிசயம். தொகை சிறுக்கச் சிறுக்க ஊசலாட்டம் பெருகும் என்னும் இவ்விதியை ஆபிரகாம் த மொய்வர் என்ற கணித அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சூத்திரமாக எழுதிவைத்தார்.

இந்த விதியைப் பாடசாலைக்குப் பொருத்துவோம். ஒவ்வொரு பிள்ளையும் தேறுவதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு பேர் தோற்றும் பாடசாலையில், பெரும்பாலான ஆண்டுகளில், பெறுபேறு 57க்கும் 63க்கும் இடையிலே நிற்கும். பன்னிருவர் தோற்றும் பாடசாலையிலோ அது 46க்கும் 74க்கும் இடையிலே ஆடும். சில ஆண்டுகளில் அதற்கும் அப்பாற் செல்லும். ஆசிரியர் ஒருவரும் மாறவில்லை. கற்பித்தலிலும் மாற்றம் இல்லை. ஆயினும் ஓராண்டு "வலயத்திலே முன்னணி" என்று பதாகை கட்டுவோம். மறு ஆண்டு அதே பதாகையைக் கழற்றி மழைக்கு விறகை மூடுவோம். நான் இரண்டையும் செய்தவன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துப் பாடசாலைகளின் புள்ளிகளை ஆராய்ந்து ஹவார்ட் வெய்னர் என்ற புள்ளிவிபரவியலாளர் 2007 ஆம் ஆண்டில் எழுதியது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மிகச் சிறந்த பாடசாலைகளின் வரிசையிலே சிறிய பாடசாலைகள் தம் தொகைக்கு மிஞ்சி நிற்பதை அவர் கண்டார். அதை மட்டும் பார்த்தவர் "சிறிய பாடசாலையே சிறந்தது" என்று முடிவு கட்டுவார். அங்கே அப்படித்தான் பலர் முடிவு கட்டினர். செல்வர்களின் அறக்கட்டளைகள் பெரும்பொருள் செலவிட்டுப் பெரிய பாடசாலைகளைச் சிறியனவாக உடைத்தன. வரிசையின் அடியையும் வெய்னர் பார்த்தார். அங்கும் சிறிய பாடசாலைகளே மிகுந்திருந்தன. உச்சிக்கும் அடிக்கும் அவற்றைக் கொண்டு சென்றது பெரும்பாலும் அவற்றின் சிறுமையேயன்றி அவற்றின் தரம் அன்று.

இதனோடு ஒட்டிய வேறொரு மயக்கமும் உண்டு. பெறுபேறு குறைந்த ஆண்டில் அதிபரை அழைத்து ஏசுவார்கள். மறு ஆண்டு பெறுபேறு உயரும்; ஏச்சுப் பலித்தது என்பார்கள். பெறுபேறு உயர்ந்த ஆண்டிற் பொன்னாடை போர்த்துவார்கள். மறு ஆண்டு குறையும். புகழ்ச்சி தலைக்கேறிவிட்டது என்பார்கள். டானியல் கானெமன் என்ற உளவியலாளர், பின்னர் 2002 இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர், இஸ்ரேலிய விமானப் பயிற்சி ஆசிரியர்களிடம் இதே பேச்சைக் கேட்டதாகக் கூறியுள்ளார். பாராட்டினால் மாணவன் கெடுகிறான், கடிந்தால் திருந்துகிறான் என்பது அவர்களுடைய அநுபவம். உண்மையிலே நிகழ்ந்தது, மிக நன்றாகவோ மிக மோசமாகவோ அமைந்த ஒரு முயற்சிக்குப் பின் அடுத்த முயற்சி வழமையான நிலைக்குத் திரும்பியமையே. எங்கள் கூட்டங்களிற் பரிமாறப்படும் ஏச்சும் பொன்னாடையும் இவ்வகையினவே என்று நான் சொன்னால், தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்பார்கள். ஆகவே கூட்டங்களில் நான் இதைச் சொல்வதில்லை, வானொலியிற் சொல்கிறேன்.

எண்ணிக்கை சிறிது என்பது ஒரு சங்கடம் மாத்திரமே. அதனிலும் பெரியது, அந்தப் பன்னிருவர் யாவர் என்பது.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை, கன்னங்கரா அவர்களின் காலத்திலே, கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு மத்திய மகா வித்தியாலயத்தின் வாயிலைத் திறந்துவிட எழுந்த ஏற்பாடு. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது அதனுடன் கைகோத்து வந்த நன்மைகளுள் இதுவும் ஒன்று. இந்நாட்டின் எத்தனையோ வைத்தியர்களும் பொறியியலாளர்களும் அந்த வாயிலால் நுழைந்தவர்களே. அதனைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆனால் அவ்வாயிலின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கிராமத்துப் பாடசாலை ஒரு பிள்ளையை முதலாந் தரத்திற் சேர்த்து, "அ" எழுதப் பழக்கி, வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, ஐந்து ஆண்டுகள் வளர்க்கிறது. பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டியதும் பட்டணத்துப் பாடசாலைக்குப் போய்விடுகிறது. ஆறு ஆண்டு கழித்துச் சாதாரணதரப் பெறுபேறு வெளிவரும்போது அப்பிள்ளையின் ஒன்பது "ஏ"யும் பட்டணத்துப் பாடசாலையின் கணக்கில் விழுகின்றன. பின்னர் அந்த வீதத்தையும் எங்கள் வீதத்தையும் அருகருகே எழுதி, "பார்த்தீர்களா?" என்று கேட்கிறார்கள்.

நன்னூலார் மாணாக்கருக்குச் சொன்ன உவமைகளுள் நெய்யரி ஒன்று. நெய்யை வடியவிட்டுக் கசட்டைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் வலை அது. நல்லதை விட்டுத் தீயதைப் பற்றும் மாணாக்கனுக்காகச் சொன்ன அவ்வுவமையைச் சிற்றூர்ப் பாடசாலைக்குப் பொருத்தலாம் என்று ஒருகால் எண்ணினேன். ஆனால் எஞ்சி நிற்கும் பிள்ளைகளைக் கசடு என்று சொல்ல நாக் கூசுகிறது. அவர்களுள் மெதுவாகக் கற்பவர்கள் உளர். தாய் மத்திய கிழக்கிலே வேலை செய்யத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியர் உளர். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்தமையால் நின்றுவிட்டவர்களும் உளர். ஆகையால் உவமையில் வடிந்துபோகும் நெய்யை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வலையைப் பின்னியது பாடசாலை அன்று.

இதில் ஒரு சுழற்சியும் உண்டு. வீதம் குறைவு என்று கேட்ட பெற்றோர், வசதி இருந்தால், பரீட்சைக்குக் காத்திராமலே பிள்ளையை வானில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்புகின்றனர். வீட்டிற் புத்தகமும் கேட்டுச் சொல்லிக்கொடுக்கும் தகப்பனும் உள்ள பிள்ளைகளே முதலிற் போகின்றனர். அதனால் அடுத்த ஆண்டு வீதம் மேலும் குறைகிறது. மேலும் சிலர் போகின்றனர். மாணவர் தொகை குறையவே ஆசிரியர் தொகையையும் குறைக்கின்றனர். ஆசிரியர் குறைந்த பாடசாலையில் யார் பிள்ளையைச் சேர்ப்பார்? தொகை குறைந்த பாடசாலைகளை மூடிவிடலாம் என்னும் பேச்சு நம் நாட்டிற் காலத்துக்குக் காலம் எழுகிறது. அவ்வாறு ஒரு பாடசாலை மூடப்படும்போது, கடைசியாக எஞ்சியிருப்பவர்கள் வானுக்குப் பணம் இல்லாதவர்களின் பிள்ளைகளே. ஆகவே அந்தப் பென்சில் எண்கள் பாடசாலையின் நிலையைக் காட்டுவதோடு நிற்பதில்லை. அந்நிலையை உண்டாக்கியும் விடுகின்றன.

எங்கள் ஊர்க் கமக்காரருக்கு இந்நியாயம் வயலில் நன்றாகத் தெரியும். மின்னேரியாப் பக்கத்திலிருந்து கால்வாய் வழியாக நீர் கந்தளாய்க் குளத்துக்கு வந்து சேர்கிறது. குளத்திலிருந்து மதகு வழியே புறப்படும் நீர் தலைமடை வயல்களுக்கு முதலிற் பாய்கிறது. கடைமடைக்கு எஞ்சியதே போய்ச் சேர்கிறது. சிறுபோகத்தில் நீர் குறைந்த ஆண்டிலே கடைமடைக்காரனின் விளைச்சல் தலைமடைக்காரனின் விளைச்சலிற் பாதியாக இருந்தால், அவனைச் சோம்பேறி என்று யாரும் ஏசுவதில்லை. நீர் எத்தனை நாள் வந்தது என்றே கேட்பார்கள். பாடசாலைக்கு நீர் என்பது ஆசிரியர். திருகோணமலையிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து, பிரதான வீதியில் இறங்கி, பின்னும் உள்ளே செல்லவேண்டிய பாடசாலைக்கு நியமனம் பெறும் ஓர் இளம் ஆசிரியை, முதல் நாளிலிருந்தே இடமாற்றத்தை நினைப்பது இயல்பு. நான் அவரை நோவதில்லை. அவருக்கும் கைக்குழந்தை உண்டு. ஆனால் கணித ஆசிரியர் இல்லாமல் எட்டு மாதம் கழிந்த ஒரு வகுப்பு, கணிதத்திற் சித்தியடையாமல் உயர்தரம் செல்ல இயலாத பரீட்சை ஒன்றுக்குத் தோற்றுகிறது என்பதை அந்த வீதத்தின் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை.

வேறு காரணங்களும் உள. காட்டோரக் கிராமங்களில் யானை நடமாட்டம் மிகுந்த நாட்களில் மாலை வகுப்பு வைக்க இயலாது. இருட்டுமுன் பிள்ளைகள் வீடு சேரவேண்டும். அறுவடைக் காலத்தில் வரவு இடாப்பிற் சிவப்புப் புள்ளடிகள் பெருகும். பட்டணத்திலே ரியூசன் வகுப்பு இரண்டு தெருவுக்கு ஒன்று. இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு கொட்டிலில் ஒன்று. பட்டணத்துப் பெறுபேற்றில் எவ்வளவு பங்கு பாடசாலையினது, எவ்வளவு பங்கு கொட்டிலினது என்று பிரித்துக் காட்டுவார் இல்லை.

ஊரின் வரலாறும் பெறுபேற்றிற் கலந்து கிடக்கிறது. கந்தளாய் 1950களிற் குடியேற்றத் திட்டத்தால் விரிந்த ஊர். சிங்கள மொழிப் பாடசாலைகளும் தமிழ் மொழிப் பாடசாலைகளும் அருகருகே உள. தமிழ் மொழிப் பாடசாலைகளில் முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கின்றனர். சீனித் தொழிற்சாலையை நம்பி ஒரு தலைமுறை வாழ்ந்தது. 1990களில் அது மூடப்பட்டபோது பல வீடுகளின் மாதச் சம்பளம் நின்றது. 1986 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் நாள் அதிகாலையிற் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; வீடும் வயலும் புத்தகமும் ஒருங்கே வெள்ளத்திற் போயின. 2006 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் மூதூரில் மூண்ட போரினால் இடம்பெயர்ந்த பல்லாயிரவர் கந்தளாய்க்கு வந்தபோது எங்கள் பக்கத்துப் பாடசாலைகளே அவர்களுக்கு முகாம்களாயின. வகுப்பறையிலே குடும்பங்கள் உறங்கின. கரும்பலகையிற் சேலைத் தொட்டிலின் கயிறு கட்டப்பட்டது. அவ்வாண்டு அப்பாடசாலைகள் செய்த பணியைப் பெறுபேற்றுப் பட்டியலின் எந்த நிரலிற் பதிவது?

பாடசாலையைப் பெறுபேற்றால் அளக்கும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. இன்று தோன்றியதும் அன்று. இங்கிலாந்தில் 1862 ஆம் ஆண்டின் விதிக்கோவை, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகள் பெறும் சித்தியைக் கொண்டே பாடசாலைக்கு உதவிப்பணம் வழங்கியது. இலங்கையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கு அம்முறை வந்து சேர்ந்தது. அக்காலத்திலே இங்கிலாந்திற் பாடசாலைப் பரிசோதகராகப் பணியாற்றிய மத்தியூ ஆர்னல்ட், ஆங்கிலக் கவிஞராகவும் நாம் கலைப் பட்டத்துக்குப் படித்தவர், அதனை விடாது எதிர்த்தார். பிள்ளைகள் ஒரே வாசிப்புப் புத்தகத்தை ஆண்டு முழுவதும் மனனஞ் செய்து, பரிசோதகர் வரும் நாளில் வாசிப்பதுபோல் ஒப்புவித்தனர். பணம் வந்தது, வாசிப்பு வரவில்லை. 1890களில் இங்கிலாந்து அதனைக் கைவிட்டது. ஆனால் ஆசை போகவில்லை. 1992 இல் அங்கே பாடசாலைகளின் பெறுபேற்று அட்டவணைகளைப் பத்திரிகைகள் வரிசையிட்டு வெளியிடலாயின. செல்வர் வாழும் பகுதிப் பாடசாலை மேலேயும் ஏழைகள் பகுதிப் பாடசாலை கீழேயும் நிற்பதைப் பத்தாண்டு பார்த்த பின், 2002 இல், பிள்ளை எந்த நிலையில் வந்து எந்த நிலையிற் போகிறது என்னும் வளர்ச்சியை அளக்கும் முறையைச் சேர்த்தனர். வேல்ஸ் பிரதேசமோ 2001 இலேயே வரிசைப் பட்டியலை நிறுத்திவிட்டது.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஏறக்குறைய ஆறு இலட்சம் பிள்ளைகளை ஆராய்ந்து 1966 இல் வெளிவந்த அறிக்கை, பிள்ளையின் புள்ளியைத் தீர்மானிப்பதில் வீட்டின் நிலை பாடசாலையின் கட்டடத்தையும் பொருளையும் விட வலியது என்று கண்டது. சிலர் இதனைத் திரித்து, அப்படியாயின் பாடசாலையாற் பயனில்லை என்றனர். அது பிழை. வீட்டில் ஒன்றும் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலை ஒன்றே எல்லாம். அந்த ஒன்றை அளக்கும்போது வீட்டின் நிறையையும் சேர்த்து நிறுத்துவிடாதே என்பதே அதிலிருந்து நான் கொள்வது.

நம் நாட்டிலே பல்கலைக்கழக அநுமதியில் இந்த நியாயம் ஏற்கப்பட்டே இருக்கிறது. 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவர் உள்ளத்தில் ஏற்படுத்திய புண் வேறு கதை. அதற்கு இன்னொரு நாள் வேண்டும். பின்னாளில் நிலைபெற்ற முறையில், பெரும்பாலான கற்கை நெறிகளில், இடங்களுள் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பகிரப்படுகின்றன. திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஒரு மாணவனை மற்றொரு மாணவனோடு ஒப்பிடும்போது அவன் எந்த மாவட்டத்தவன் என்று அரசே கேட்கிறது. ஒரு பாடசாலையை மற்றொரு பாடசாலையோடு ஒப்பிடும்போது மட்டும் நாம் ஒன்றுமே கேட்பதில்லை.

அப்படியானால் சிற்றூர்ப் பாடசாலைகளை ஒப்பிடவே கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். இக்கேள்வியை நான் மதிக்கிறேன். ஏனெனில், "எங்கள் பிள்ளைகள் அப்படி, எங்கள் ஊர் அப்படி" என்று சொல்லிக்கொண்டு கதிரையிற் சாய்ந்திருக்கும் ஆசிரியர்களும் அதிபர்களும் உளர். ஏழ்மையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு அதன் நிழலில் உறங்குவோர் அவர்கள். நான் இதுவரை சொன்னவை அவர்களுக்குச் சாட்சியாகிவிடலாகாது. ஒப்பிடத்தான் வேண்டும். ஆனால் கடைமடையைக் கடைமடையோடு ஒப்பிடவேண்டும். ஒரே வாய்க்காலின் வாலில், ஒரே அளவு நீர் பெறும் இரண்டு வயல்களுள் ஒன்று விளைந்து மற்றது பொய்த்தால், அப்பொழுது உரியவரை அழைத்துக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கேட்கும்போது ஓராண்டுப் பெறுபேற்றைக் கொண்டு கேட்கலாகாது. ஐந்தாண்டுப் பெறுபேற்றைச் சேர்த்தால் எங்கள் பன்னிருவர் அறுபதின்மர் ஆவர். ஊசலாட்டம் பாதிக்கும் கீழே குறையும். அடுத்து, பரீட்சைக்குத் தோற்றியோர் தொகையை விட்டுச் சேர்வு இடாப்பைப் பார்க்கவேண்டும். ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு பாடசாலைகளில் ஆறாந் தரத்தில் முப்பது முப்பது பிள்ளைகள் இருந்தனர் என்று கொள்ளுங்கள். முதற் பாடசாலையில் நலிந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட, பதினெட்டுப் பேர் தோற்றிப் பன்னிருவர் தகுதி பெறுகின்றனர், 67 வீதம். மற்றதில் ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அழைத்துவந்து இருபத்தெட்டுப் பேரைத் தோற்றச் செய்ய, பதினாறு பேர் தகுதி பெறுகின்றனர், 57 வீதம். பதாகை முதற் பாடசாலைக்கே. ஆனால் முப்பதிலிருந்து பார்த்தால் அங்கே பன்னிருவர், இங்கே பதினறுவர். வீடு வீடாகச் சென்ற ஆசிரியருக்கு நாம் கொடுத்த பரிசு பத்து வீதக் குறைவு. இது ஓர் எடுத்துக்காட்டு என்றாலும், பலவீனமான பிள்ளையைப் பரீட்சைக்கு முன் மெல்லக் கழற்றிவிடும் வழக்கத்தை அறியாத அதிபர் நம் நாட்டில் இல்லை.

பிள்ளை எங்கே தொடங்கி எங்கே வந்தது என்பதையும் பார்க்கலாம். ஐந்தாந் தரத்திற் பெற்ற புள்ளியும் பதினோராந் தரத்துப் பெறுபேறும் ஒவ்வொரு பாடசாலையின் கோப்புகளிலும் உள. ஐந்தாந் தரத்தில் ஒரே புள்ளி பெற்ற இரு பிள்ளைகள், ஒருவர் ஊரிலே நின்றவர், ஒருவர் பட்டணம் போனவர், ஆறாண்டுக்குப் பின் எங்கே நிற்கின்றனர் என்று பார்ப்பதற்குக் கொம்பியூட்டர் கூட வேண்டியதில்லை. ஒரு பகற்பொழுதும் ஒரு நீலக்கொப்பியும் போதும். ஓராண்டு நான் அவ்வாறு பார்த்தேன். பட்டணம் போனவர்களுட் பலர் முன்னேறியிருந்தனர், அதை மறைக்கமாட்டேன். ஆனால் பென்சில் எண்கள் காட்டிய 78க்கும் 42க்கும் இடையிலான தூரம் அங்கே இல்லை. விடுதி வாழ்க்கையும் நாள்தோறும் நெடுந்தூரப் பயணமும் தாங்காமற் சோர்ந்தவர்களும், ஊரிலே நின்று அவர்களை முந்தியவர்களும் இருந்தனர்.

அன்று அந்தத் தகப்பனாருக்கு இவ்வளவையும் நான் சொன்னேன் என்று எண்ணவேண்டாம். சேர்வு இடாப்பை எடுத்து விரித்தேன். பன்னிருவரின் பெயர்களையும் காட்டி, ஐவர் தேறினர், இருவர் ஒரு பாடத்தாற் தவறினர் என்றேன். அந்த வகுப்பிற் பத்தாந் தரம் முழுவதும் கணித ஆசிரியர் இல்லாதிருந்ததையும், இப்பொழுது ஓர் ஆசிரியை வந்திருப்பதையும் சொன்னேன். அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார். சில பிள்ளைகளின் தகப்பன்மாரை அவருக்குத் தெரியும். வெகுநேரம் பேசவில்லை.

பின்னர், "கணக்கு விளங்குகிறது, சேர். உங்களுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், எனக்கு ஒரு பிள்ளை" என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று திரும்பி ஒன்று கேட்டார்: "அந்தக் கணக்கு ரீச்சர் அடுத்த வருஷமும் இங்கேதான் இருப்பாரா?"

இடமாற்றப் பட்டியல் அப்போது வெளிவந்திருக்கவில்லை. அவரிடம் அதைத்தான் சொன்னேன். வெட்டு முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். விடுகைப் பத்திரப் படிவத்தைக் கிழிக்காமல் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.